தலை அளவு

கொல்லிமலையில் தறி கிடையாது. நெசவாளர் வீட்டில் பிறந்தவள் என்பதால், புது ஊருக்குப் போனால் எனக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் விடிவதற்குள் குழித்தறி தட்டத் தொடங்கிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் விசைத்தறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் பேருந்தை விட்டு இறங்கி நின்றபோது கேட்டது சில்வர் ஓக் மரங்களில் காற்று அடிக்கிற சத்தமும், எங்கோ காட்டுக்குள் யாரோ விறகு வெட்டுகிற சத்தமும்தான்.

இந்த மலைகளில் வாழும் பழங்குடிகளான மலையாளி மக்களிடம் ஒரு பழைய கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்களாம். அப்படியானால் தறியை மட்டும் அடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார்கள் என்று நான் கேலி செய்வேன். அவர்கள் உழவர்கள். சாமை, தினை, கேழ்வரகு என்று விளைவித்தவர்கள், பிறகு குச்சிக்கிழங்குக்கும் மிளகுக்கும் காப்பிக்கும் மாறினார்கள். துணி என்பது அங்கே எப்போதும் கீழேயிருந்து சுமையாக ஏறி வந்த பொருள்.

நான் அங்கே போனது ஓர் அரசாணையின் தயவில். 2012-இல் தமிழக அரசு, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தையல் மாதிரியான பாடங்களைச் சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். கிடைத்த இடம் மலை மேலே என்றதும் வீட்டில் அழுகை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். எனக்கோ டவுன் பஸ்ஸிலேயே குமட்டும். மலை மேலே செம்மேட்டில் ஒரு டீச்சரோடு அறையைப் பகிர்ந்துகொண்டேன். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்த ஒரு கண்டக்டர், வளைவு எண் முப்பதைத் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றை நீட்டுவார். காசு வாங்க மாட்டார்.

தையல் பாடம் என்றால் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது. அதற்குத் துணி வேண்டும். துணி கொண்டுவரச் சொன்னால் பிள்ளைகள் தயங்கினார்கள். வீட்டில் கிழிந்த சேலைகூடச் சும்மா கிடப்பதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. நாலைந்து பழைய சேலைகளை அடுக்கி, நெடுக ஓட்டுத் தையல் போட்டு, குளிருக்குப் போர்வையாக்கிவிடுவார்கள். நான் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தையலை அவர்கள் வீட்டு ஆயாக்கள் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஆயிரம் கணக்கில் போட்டிருந்தார்கள். சீரான தையல். நுணுகிப் பார்த்தால், ஒவ்வொரு வரிசையும் முடிகிற இடத்தில் ஊசியைத் திருப்பி இரட்டைக் குத்து குத்தியிருந்தது. அது வரிசை பிரியாமல் இருக்க. எங்கள் பயிற்சி நிறுவனத்தில் இதைச் சொல்லித்தரவில்லை.

குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லிமலை ஊட்டி அளவுக்கு உயரம் இல்லை. ஆயிரம், ஆயிரத்து முந்நூறு மீட்டர் இருக்கும். அதனால் கீழ்நாட்டுக்காரர்கள் அதைக் குளிராகவே மதிப்பதில்லை. ஐப்பசியில் மழையோடு தொடங்கி, கார்த்திகையில் பனிமூட்டமாகி, மார்கழியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரியும்போது மதிப்பு தானாக வந்துவிடும். காலை வழிபாட்டில் பிள்ளைகள் வரிசையாக நிற்கையில் பாதிப் பேர் தலையில் ஈரிழைத் துண்டு, தாடைக்குக் கீழே முடிச்சு. சிலரிடம் கடையில் வாங்கிய மங்கி குல்லா. அண்ணன் போட்டு, அக்கா போட்டு, கடைசித் தம்பிக்கு வரும்போது குல்லாவின் முகத்துவாரம் மூக்குக்கு வந்திருக்கும்.

பெரியவர்களுக்குக் கொங்காடை. ஒரு நீளச் சாக்கை எடுத்து அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் செருகினால் கூம்பாக நிற்கும். அதைத் தலையில் கவிழ்த்தால் உச்சி முதல் முட்டி வரை மழை படாது. தையல் இல்லை, பின்னல் இல்லை, ஒரே மடிப்பு. வசதி உள்ள வீடுகளில் அதையே கம்பளியில் போட்டிருந்தார்கள்.

பள்ளிக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரிடம் அப்படியொரு கம்பளி இருந்தது. பிள்ளைகள் தாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் அதைக் காயப்போடும்போது தொட்டுப் பார்த்தேன். கருப்பு, ஆனால் சாயக் கருப்பு அல்ல. திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்தில் வளர்க்கிற திருச்சி கருப்பு ஆட்டின் உரோமம் இயல்பிலேயே அப்படித்தான். எங்கள் சேலம் பக்கத்து மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர் போனது, அதில் கம்பளிக்கு ஆகிற உரோமம் கிடையாது. ஆடு வளர்க்கிற குரும்பர் வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு முறை ஆட்டுக்கு உரோமம் கத்தரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, கையால் திரித்து, பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை தடவிக் குழித்தறியில் நெய்வார்கள். எங்கள் வீட்டில் பட்டுப் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் புளியங்கொட்டைப் பசையின் விறைப்பு விரலிலேயே தெரிந்தது. தாத்தாவின் கம்பளியில் நடுவே ஒரு தையல் ஓடியது. இரண்டு பட்டைகளைச் சேர்த்திருந்தார்கள். ஒரு செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றச் சொன்னார். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“உங்க ஊருப் பட்டுல இதைச் செய்யுங்க பார்க்கலாம்” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

நாங்கள் குல்லா பின்னத் தொடங்கியது தற்செயல். விடுமுறைக்குப் போனபோது ராசிபுரத்தில் ஒரு பேன்சி ஸ்டோர் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த உல்லன் நூல் உருண்டைகளைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். பச்சை, ஆரஞ்சு, குங்குமச் சிவப்பு என்று யாரும் வாங்காத நிறங்கள். எனக்குக் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா தெரியும். சின்ன வயதில் டிவிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் பின்னல் உறை போட்ட தலைமுறையல்லவா நாங்கள். தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளின் எல்லாப் பொருளுக்கும் குரோஷாவில் சட்டை போட்டுப் பார்த்தோம். மனுஷத் தலைக்குப் போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

நூல் கிடைத்துவிட்டது, ஊசி இல்லை. என் கையில் இருந்த ஒற்றை ஊசியை வைத்துக்கொண்டு ஒரு வகுப்புக்கே எப்படிச் சொல்லித்தருவது? எட்டாம் வகுப்புப் பையன்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மறுவாரம் வந்தபோது மேசை மேல் ஒரு கட்டு ஊசி. சில மூங்கில், சில காப்பிச் செடியின் குச்சி. காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்து போட்ட கிளைகளில் விரல் கனம் இருப்பதை எடுத்து, பட்டை சீவி, நுனியில் கொக்கி செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கியிருந்தார்கள். மூங்கில் ஊசியில் சிலாம்பு கிளம்பி நூலைப் பிடித்துக்கொள்ளும். காப்பிக் குச்சியில் அந்தத் தொல்லை இல்லை. கை வியர்வை பட்டு ஒரு மாதத்தில் பளபளவென்று ஆகிவிடும். சிலவற்றின் பிடியில் பெயர் செதுக்கியிருந்தார்கள். ஒருவன் நடிகர் விஜய் பெயரைச் செதுக்கியிருந்தான்.

ஊசி செய்தவர்கள் பையன்கள் என்பதால் பின்னலும் அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. “பொம்பளைப் பிள்ளைங்க வேலை” என்று யாரும் சொல்லவில்லை. தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் டாக்கிலே தீவில், குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டாக வேண்டும். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், “அங்கே குளிருமா டீச்சர்?” என்று மட்டும் கேட்டான்.

தலைமையாசிரியருக்குக் கை வேலை என்றால் ஒரு கதை சொல்லியாக வேண்டும். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் வேலை செய்ய வைக்கலாம் என்று வேலூரில் செய்து காட்டிய மருத்துவர் பால் பிராண்ட், சிறுவனாக வளர்ந்தது இந்தக் கொல்லிமலையில்தான். அவர் அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் இங்கே ஊழியம் செய்து 1929-இல் காய்ச்சலில் இறந்தவர். அரிவாள் வெட்டில் சுட்டுவிரல் சரியாக மடங்காத ஒரு மாணவி எங்கள் வகுப்பில் இருந்தாள். அவளை உட்கார வைத்து அவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவள் நடுவிரலில் நூலைச் சுற்றிக்கொண்டு பின்னத் தொடங்கிவிட்டாள். கதை முடியும்போது நாலு சுற்று முடிந்திருந்தது.

குல்லாவின் உச்சியில்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறது. ஒரு சின்ன வளையத்துக்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 12. அதற்கடுத்து 18, 24, 30. சுற்றுக்கு ஆறு கூடிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக, தோசைபோல விரியும். ஆறுக்குக் குறைந்தால் குழிந்துவிடும். ஆறுக்கு மேல் போனால் ஓரம் நெளிநெளியாகப் பாவாடைக் கொசுவம் மாதிரி துள்ளும். எங்கே நிறுத்துவது? தலைச் சுற்றளவை 22-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம். 50 செ.மீ. தலைக்கு ஏறக்குறைய 16 செ.மீ. அந்த அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகப் பின்னினால், வட்டம் மடங்கிக் கீழே இறங்கிக் குல்லாவாகிவிடும். கணக்கு டீச்சர் இதைப் பார்த்துவிட்டு என் வகுப்பையே கடன் வாங்கிக்கொண்டார். 22/7 எதற்கு என்று அந்த ஆண்டு யாரும் கேட்கவில்லை.

நெளிந்துபோன குல்லாக்களைப் பிரித்துத் திரும்பப் பின்னச் சொல்வேன். அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் பிரிக்க விடவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, 1997-இல் இப்படி வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், யூக்ளிடின் வடிவியலுக்கு அடங்காத பரப்பு ஒன்றைக் குரோஷாவில் பின்னிக் காட்டியிருக்கிறார். அதுவரை காகிதத்தில் ஒட்டிப் பார்த்து, கிழிந்து கிழிந்து போன உருவம். நெளிந்த குல்லா கணக்கு டீச்சரின் மேசையில் பேனா வைக்கிற கிண்ணமாக வெகுநாள் இருந்தது.

ஆடி வந்தது. ஆடி 17, 18-இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஒரே அம்பில் யானையும் புலியும் மானும் பன்றியும் உடும்பும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் பாடப்பட்டவன். ஓரி சிலைக்கு மாலை போடுவார்கள். துறைதோறும் அரங்கு, தோட்டக்கலைத் துறையின் மலர்க் கண்காட்சி, மகளிர் குழுக் கடைகள். அதே நாளில் ஆடிப்பெருக்குக்கு ஆகாய கங்கை அருவியில் குளித்து அறப்பளீஸ்வரரைக் கும்பிட வருகிற கூட்டம். மலை அன்றைக்குத் தாங்காது. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் ஒரு குழுவில் இருந்தார்கள். அந்தக் குழுவின் மேசையில் தேனுக்கும் மிளகுக்கும் நடுவே எங்கள் குல்லாக்களுக்கு ஒரு முழ இடம் கிடைத்தது.

வெள்ளைத் துணி விரித்து, விலை எழுதிய சீட்டுக் குத்தி, அளவு வாரியாக அடுக்கினோம். வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். “கையாலேயே போட்டதா?” என்று வியந்தார்கள். விலையைக் கேட்டதும், “சேலத்துல மிஷின் குல்லா இதுல பாதி விலைக்குக் கிடைக்குதுங்களே” என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. லூதியானாவில் எந்திரம் பின்னித் தள்ளுகிற குல்லாவோடு எங்கள் காப்பிக் குச்சி விலையில் எப்படி மல்லுக்கட்டும்? நூலுக்கு ஆன காசும், ஒரு பிள்ளை இரண்டு மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்த நேரமும் சேர்ந்தால் எந்த விலையும் அதிகம்தான்; எந்த விலையும் குறைவுதான். சொல்லப்போனால் எங்கள் நூலே ஆட்டு உரோமம் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து வருகிற அக்ரிலிக். அதுவும் வடக்கேயிருந்து வந்தது.

கைவினைக் கண்காட்சி என்ற ஏற்பாட்டின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. ரிப்பன் வெட்டி, மேசை போட்டு, “கிராமியக் கைத்திறன்” என்று பலகை எழுதிவிட்டால், பொருள் யாருக்கோ காத்திருக்கிற அநாதைப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த இரண்டு நாளில் எங்கள் மேசையில் உற்சாகமாக நடந்தது ஒன்றே ஒன்று. மலைப் பிள்ளைகள் வந்து, அடுக்கில் இருப்பதைப் பார்க்காமல், “எனக்கு அளவு எடுங்க” என்று தலையை நீட்டினார்கள். அவர்களுக்குக் குல்லாவைவிட அந்த நாடா பிடித்திருந்தது. தன் தலை எத்தனை செ.மீ. என்று தெரிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவனின் தலையைவிடப் பெரிது என்று சண்டை போட்டார்கள். என் நோட்டில் பெயரும் அளவுமாகப் பக்கம் பக்கமாக நிரம்பியது. விற்ற காசைவிட இந்தக் கணக்கு பெரிதாக இருந்தது.

அதனால்தான் எங்கள் குல்லாக்களுக்கு ஒரு விழாவை நாங்களே வைத்துக்கொண்டோம். 2016 பொங்கல் விடுமுறைக்கு முன்பு, மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பள்ளி முற்றத்தில். அழைப்பிதழ் கிடையாது. ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் பட்டிக்குப் பட்டி ஆள் விட்டார். ஒரே நிபந்தனை, அதுவும் பிள்ளைகள் வைத்தது: மேசை கூடாது. குல்லா பின்னியவர் அதை யாருக்காகப் பின்னினாரோ அவர் தலையில் தன் கையாலேயே போட வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 2010 முதல் ஆண்டுதோறும் கம்பளி வாரம் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒரு குல்லா மாதிரியை வெளியிடுவார்கள். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து வருகிறவர்கள் அந்த ஆண்டின் குல்லாவைப் பின்னிப் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்களாம். தெருவில் தெரியாதவர்கள்கூடக் குல்லாவைப் பார்த்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அங்கே ஆடும் உரோமமும் பின்னலும் எல்லாம் அந்தத் தீவுகளுக்கே சொந்தம். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்களுக்குச் சொந்தமாக இருந்தது தலைகள்தான்.

காலையில் பனி விலகவே பத்து மணி ஆனது. முதலில் வந்தவர்கள் ஆயாக்கள், சேலைப் போர்வைகளைச் சுமந்துகொண்டு. அவற்றைக் கொடியில் போட்டோம். ஒவ்வொரு போர்வையிலும் ஒரு வீட்டின் சரித்திரம். இது கல்யாணச் சேலை, இது பிள்ளை பிறந்தப்ப எங்க அண்ணன் எடுத்தது, இது ரேஷன் கடை இலவசச் சேலை என்று ஒரு ஆயா அடுக்கடுக்காக விரலால் தொட்டுச் சொன்னாள். பிறகு கொங்காடைப் போட்டி. பெரியவர்கள் ஒரு பக்கம், ஆசிரியர்கள் ஒரு பக்கம். தலைமையாசிரியர் செருகிய கொங்காடை அவர் தலையில் ஏறிய வேகத்தில் அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. அன்றைய சிரிப்பு அங்கேயிருந்து தொடங்கியது. நூல் பந்துகளுக்கும் ஒரு பூனைக்கும் நடந்த தகராறு தனி.

மதியச் சோறு சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் பெயர் கூப்பிட்டோம். ஒரு பெண் தன் தம்பிக்கு, ஒரு பையன் தன் அம்மாவுக்கு, இன்னொருவன் தன்னைப் பள்ளிக்குக் கூட்டிவருகிற ஜீப் டிரைவருக்கு. அம்மாவுக்குப் பின்னியவன், அவள் தலையில் போட்டுவிட்டு, காது மூடவில்லை என்று அங்கேயே கழற்றிக்கொண்டு உட்கார்ந்து இன்னும் இரண்டு சுற்றுப் பின்ன ஆரம்பித்தான். கூட்டம் காத்திருந்தது. அந்த அம்மா வெற்றுத் தலையோடு, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தோடு, மகனை விட்டு நகராமல் நின்றாள். நான் பார்த்த எந்தப் பரிசளிப்பு விழாவிலும் யாரும் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததில்லை.

அந்த ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இண்டியாஸ் குரோஷே குயீன்ஸ்’ குழுவைச் சேர்ந்த பெண்கள், ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி, அத்தனையையும் கொண்டுவந்து இணைத்து, 11,148.5 சதுர மீட்டரில் ஒரே போர்வையாக விரித்தார்கள். உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் பதிவு செய்தது. பிறகு அது சிறு போர்வைகளாகப் பிரிக்கப்பட்டுத் தேவைப்பட்டவர்களுக்குப் போனது. செய்தித்தாளில் படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு வாய் அடங்கவில்லை. எங்கள் பள்ளி முற்றத்தில் மட்டுமல்ல, எங்கள் பட்டியிலேயே அதை விரிக்க முடியாது என்று கணக்குப் போட்டார்கள். எனக்கும் பெருமைதான். வீட்டுக்குள் தனித்தனியாகப் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஓரிடத்துக்கு வந்து, இதோ நாங்கள் இத்தனை பேர் என்று காட்டியது சின்னக் காரியமில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தது அந்தப் போர்வை மறுபடி துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொருவர் மேலும் போய்ச் சேர்ந்த கட்டம்.

விழாவுக்குப் பிறகு குல்லாக்கள் என்ன ஆயின என்று பார்க்கிற ஆர்வம் எனக்கு. பேருந்துக்குக் காத்திருக்கும்போது தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஜீப் டிரைவர் குல்லாவை ஸ்டீரிங் பக்கத்துக் கண்ணாடியில் மாட்டியிருந்தார், தலையில் அல்ல. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஒன்று கோழிக்கூட்டின் ஓரத்தில் தொங்கியது. உள்ளே பார்த்தால் முட்டை. சோளக்காட்டுச் சந்தையில் ஒரு ஆயா பலாப்பழச் சுமையோடு வந்துகொண்டிருந்தாள். பழத்துக்கும் தலைக்கும் நடுவே சும்மாடாக இருந்தது எங்கள் குங்குமச் சிவப்புக் குல்லா, இரண்டாக மடித்து. துணிச் சும்மாட்டைவிட இது மெத்தென்று இருக்கிறது, சுமை வழுக்கவில்லை என்று அவளே சொன்னாள். கூட வந்த பேத்தி என்னைப் பார்த்ததும் ஆயாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பின்னியவள் அவள்தான்.

கம்பளித் தாத்தாவுக்கு நாங்கள் பின்னியது ஆரஞ்சு நிறம். வேறு நூல் இல்லை. அவர் அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் நேராக உள்ளே இறங்கியது. “மழைக்கு ஆகாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பனிக்குப் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டார். ராத்திரி தூங்கும்போது மட்டும் போட்டுக்கொள்வதாக அவர் வீட்டம்மா சொன்னார். பகலில் ஆரஞ்சுக் குல்லாவோடு காட்டுக்குப் போனால் குரங்குகூட மதிக்காதாம்.

அடுத்த ஆண்டு தொடங்கியதும் அளவுகள் தானாக வர ஆரம்பித்தன. என் நாடாவுக்கு யாரும் காத்திருக்கவில்லை. வீட்டில் வாழைநாரைத் தலையைச் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம். ஒன்றில் மிளகுக் கொடியின் இலைக் காம்பு, ஒன்றில் சிவப்புத் துணிக் கிழிசல், ஒன்றில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய காகிதத் துணுக்கு. அவற்றையெல்லாம் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். குல்லா முடிந்ததும் நாரை அவிழ்த்து அதற்குள்ளேயே போட்டு அனுப்புவோம்.

அந்த நார்களில் ஒன்று மட்டும் எல்லாவற்றையும்விட ஒரு சாண் நீளம். இவ்வளவு பெரிய தலை யாருடையது என்று கேட்டேன்.

“தலை இல்லீங்க டீச்சர். ஆயா கொண்டையோட சேர்த்து அளந்திருக்கு.”

சும்மாடு ஆயாதான். யோசித்துப் பார்த்தோம். கடைசியில் அந்தப் பேத்தியே ஒரு வழி கண்டுபிடித்தாள். 6 கண்ணியில் தொடங்காமல், கொண்டை நுழைகிற அளவுக்குச் சங்கிலிக் கண்ணியில் பெரிய வளையம் போட்டு, அங்கிருந்து கீழே இறங்கினாள். உச்சியில் ஓட்டையோடு ஒரு குல்லா. கொண்டை அதன் வழியாக அழகாக வெளியே வந்தது, காதும் மூடியது. ஆயா இரண்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். ஓட்டை இருக்கிறதால் சும்மாட்டுக்கு ஆகவில்லையாம்.